காற்றைக் குற்றம் சொல்லும் முன்: தொலையுணர்வு ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வு மாணவர்களே,



எம்.டெக். ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்டத்துக்கோ செயற்கைக்கோள் படங்களோடு மல்லுக்கட்டும் உங்களிடமிருந்து ஒரே புலம்பலை ஆண்டுதோறும் கேட்கிறேன். வளிமண்டலத் திருத்தத்தை ஓட்டியதும் ஏரித் தண்ணீரின் எதிரொளிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. நெல்வயல் 1.8 என்று காட்டுகிறது. நூறு பங்கு ஒளி விழுந்தால் நூற்றெண்பது திரும்பி வருகிறது என்று இதற்குப் பொருள்! உடனே என்ன செய்கிறீர்கள்? பார்வைத் தொலைவை 40 கிலோமீட்டரிலிருந்து 20-க்குக் குறைக்கிறீர்கள். ஏரோசால் வகையைக் கிராமப்புறத்திலிருந்து நகர்ப்புறத்துக்கு மாற்றுகிறீர்கள். மறுபடி ஓட்டுகிறீர்கள். கொஞ்சம் சரியானதுபோலத் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

இந்த மடலில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இப்படிப்பட்ட கோளாறுகளில் பெரும்பாலும் காற்றின் மேல் தப்பில்லை. அதற்கு முந்தைய படியான கேலிப்ரேஷனில், அதாவது படத்தில் உள்ள எண்ணை உண்மையான ஒளியளவாக மாற்றும் இடத்தில், ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. அதைத் தேடாமல் பார்வைத் தொலைவைத் திருகினால் பிழை திருந்தாது, மறைந்துகொள்ளும்.

வளிமண்டலத் திருத்தம் என்ன செய்கிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். உணரிக்கு வந்து சேரும் ஒளியில் ஒரு பகுதி தரையைத் தொடவே இல்லை. காற்று மூலக்கூறுகளும் தூசியும் சிதறடித்து நேராக மேலே அனுப்பியது அது. மாட்ரான், 6எஸ் போன்ற கணிப்பு முறைகள் அந்தப் பகுதி எவ்வளவு என்று மதிப்பிட்டு, முதலில் அதைக் கழிக்கின்றன. பிறகு மீதியை வகுத்துத் தரையின் எதிரொளிப்பைப் பெறுகின்றன. கழிக்கப்படும் தொகை இயற்பியல் அலகில் இருக்கும் ஒரு நிஜ அளவு. உங்கள் படம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி உள்ளே போனால், இருப்பதைவிடக் கழிப்பது அதிகமாகி எதிர்மறை எண் வரும். சிதறல் நீல ஒளியில்தான் அதிகம் என்பதால் முதலில் கவிழ்வது நீலப் பட்டை. பத்து மடங்கு பெருத்து உள்ளே போனாலோ, எதிரொளிப்பு 1-ஐ எளிதாகத் தாண்டிவிடும். இரண்டு நோய்க்கும் மருந்து பார்வைத் தொலைவில் இல்லை.

ஆகவே திருத்தத்தை ஓட்டும் முன் உங்கள் படத்திடம் சில கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: இது எந்த நிலைப் படம்?

லேண்ட்சாட் 8 படத்தை லெவல்-1 ஆக இறக்கினால் உள்ளே இருப்பவை வெறும் முழு எண்கள். படத்தோடு வரும் எம்டிஎல் என்ற விவரக் கோப்பில் உள்ள பெருக்கெண்ணையும் கூட்டெண்ணையும் பயன்படுத்தித்தான் அவற்றை மாற்ற வேண்டும். எதிரொளிப்புக்கான பெருக்கெண் 0.00002, கூட்டெண் −0.1. அப்படியானால் 5000 என்ற எண்ணின் மதிப்பு பூஜ்யம். 10,000 என்றால் 0.1. எண்ணெய்க் கடையில் டின்னின் எடையைக் கழித்த பிறகே எண்ணெய்க்குக் காசு வாங்குவார்கள்; இந்த 5000-ம் அந்த டின் எடைதான். பெருக்கெண்ணை மட்டும் போட்டுக் கூட்டெண்ணை விட்டவர்களின் படத்தில் எல்லாப் பொருளும் 0.1 கூடுதலாக மின்னும்.

சென்டினல்-2 படத்தின் கதை வேறு. அதன் லெவல்-1சி ஏற்கெனவே வளிமண்டல உச்சியில் அளந்த எதிரொளிப்பு; உணரிக்கு வந்து சேரும் ஒளியளவான ரேடியன்ஸ் அல்ல. 10,000-ஆல் வகுக்க வேண்டும். ரேடியன்ஸ் கேட்கும் ஒரு மென்பொருளுக்கு இதை அப்படியே ஊட்டினால் விடை எப்படிச் சரியாக வரும்? லெவல்-2ஏ படமோ திருத்தம் முடிந்தே வருவது. அதற்கு மறுபடி திருத்தம் செய்வது, இல்லாத சிதறலை இன்னொரு முறை கழிப்பதாகும். லேண்ட்சாட்டில் எல்1டிபி (லெவல்-1), எல்2எஸ்பி (லெவல்-2) என்ற எழுத்துகள் கோப்பின் பெயரிலேயே இருக்கின்றன. இறக்கும்போதே அவற்றைப் படியுங்கள்.

இரண்டாம் கேள்வி: இந்தப் படம் எந்தக் காலத்து விதிப்படி தயாரானது?

இங்கேதான் அண்மைக் காலத்தில் பலர் சறுக்குகிறார்கள். 2022 ஜனவரி 25 அன்று சென்டினல்-2 படங்களுக்கு 04.00 என்ற செயலாக்க அடிப்படை நடைமுறைக்கு வந்தது. மிக இருண்ட பரப்புகளில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் வெட்டுப்படாமல் இருக்க, எல்லா எண்களோடும் 1000 கூட்டப்பட்டது. அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் −1000 என்ற குறிப்பு படத்தோடு வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. அதைப் படிக்காதவருக்கு என்ன நேரும்? செழித்த பயிரில் அண்மை அகச்சிவப்பு 0.40, சிவப்பு 0.04 என்று வைத்துக்கொள்வோம். பசுமைக் குறியீடான என்டிவிஐ 0.82 வரும். இரண்டிலும் 0.1 கூடிவிட்டால் 0.50, 0.14, குறியீடு 0.56-க்கு இறங்கிவிடும். 2021-ஐயும் 2022-ஐயும் ஒப்பிடும் ஆய்வில் ஒரே ஆண்டில் வயல்கள் வாடிப்போனதாக வரைபடம் சொல்லும். வாடியது பயிர் அல்ல, கழிக்கப்படாத ஆயிரம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கூகுள் எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்ற பெயரோடு கிடைக்கும் சென்டினல்-2 தொகுப்பில் இந்தக் கழித்தலைச் செய்தே தருகிறார்கள். யாரோ எழுதிய நிரலை எடுத்து அதன்மேல் மறுபடி 1000 கழித்தால் ஏரிகளும் நிழல்களும் எதிர்மறைக்குப் போகும். அதைக் கண்டு காற்றில் புகை அதிகம் என்று முடிவுகட்டுவது அநியாயம்.

லேண்ட்சாட்டிலும் இதே கதை. கலெக்‌ஷன்-1 காலத்துத் தரை எதிரொளிப்புப் படத்தை 0.0001-ஆல் பெருக்கினால் போதும். 2020 டிசம்பரில் வந்த கலெக்‌ஷன்-2இல் பெருக்கெண் 0.0000275, கூட்டெண் −0.2. புதிய படத்துக்குப் பழைய எண்ணைப் போட்டால், உண்மையில் 0.3 ஆக உள்ள வயல் 1.8 என்று வரும். மடலின் தொடக்கத்தில் சொன்ன 1.8 போன்ற எண்கள் எங்கிருந்தெல்லாம் பிறக்கலாம் என்று இப்போது தெரிகிறதா?

மூன்றாம் கேள்வி: அலகு என்ன?

இது இந்த மடலின் மையம் என்பதால் சற்று நின்று பார்ப்போம். லேண்ட்சாட் எம்டிஎல் கோப்பின் எண்களால் கிடைக்கும் ரேடியன்ஸ், ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஸ்டெரேடியனுக்கு, ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு இத்தனை வாட் என்ற அலகில் இருக்கும். என்வி மென்பொருளின் வளிமண்டலத் திருத்தக் கருவியான ஃபிளாஷ் கேட்பதோ, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு ஸ்டெரேடியனுக்கு, ஒரு நானோமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட். வாட்டை மைக்ரோவாட் ஆக்கப் பத்து லட்சத்தால் பெருக்க வேண்டும். சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக்கப் பத்தாயிரத்தால் வகுக்க வேண்டும். மைக்ரோமீட்டரை நானோமீட்டராக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மிஞ்சுவது பத்தில் ஒன்று. ஆகவே லேண்ட்சாட் ரேடியன்ஸை 10-ஆல் வகுத்தே ஃபிளாஷுக்குத் தர வேண்டும்.

வகுப்பதற்கு அந்த மென்பொருளில் இரண்டு இடங்கள் உண்டு. கேலிப்ரேஷன் கருவியில் 'ஃபிளாஷ் அமைப்புகளைப் பொருத்து' என்ற பொத்தானை அழுத்தினால் 0.1 தானாகப் பெருக்கப்பட்டுவிடும். அதன் பிறகு ஃபிளாஷ் கேட்கும் ஒற்றை அளவுக்காரணிக்கு 1 என்று கொடுக்க வேண்டும். அங்கேயும் 10 கொடுத்தால் இரண்டு முறை வகுத்தவர் ஆகிறீர்கள். இரண்டு இடத்திலும் கொடுக்காவிட்டால் ஒரு முறைகூட வகுக்கவில்லை. எதிர்மறை நீலப் பட்டையையும் 1-ஐத் தாண்டும் வயலையும் கண்டால் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நம் நாட்டு ஐஆர்எஸ் வரிசைப் படங்களோடு வேலை செய்பவர்கள் வேறுவிதமாகக் கவனிக்க வேண்டும். லிஸ்-3, லிஸ்-4 ஆகியவற்றின் ரேடியன்ஸ், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு ஸ்டெரேடியனுக்கு, ஒரு மைக்ரோமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்ற அலகில் தரப்படுவது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபிளாஷ் கேட்கும் அலகும் இதுவும் ஒன்றுக்கு ஒன்று. லேண்ட்சாட் பழக்கத்தில் இதையும் 10-ஆல் வகுத்தால் நல்ல படத்தை நீங்களே கெடுத்ததாகும். இன்னொன்று: 2011இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2இன் லிஸ் கருவிகள் 10 பிட் அளவில் பதிவு செய்கின்றன, உச்ச எண் 1023. பழைய 8 பிட் சூத்திரத்தின் 255-ஐ அங்கே போட்டால் ரேடியன்ஸ் நான்கு மடங்காகும்.

பல்லலைப் படங்களில் நெளிவு இன்னும் அதிகம். 2000 முதல் 2017 வரை இயங்கிய இஓ-1 செயற்கைக்கோளின் ஹைப்பீரியன் படத்தில், கட்புலன், அண்மை அகச்சிவப்புப் பட்டைகளை 40-ஆலும் குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளை 80-ஆலும் வகுத்தால்தான் ரேடியன்ஸ் கிடைக்கும். ஃபிளாஷுக்கான பத்தையும் சேர்த்தால் 400, 800. எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே எண்ணைப் போட்டவரின் நிறமாலை வளைவில் 900 நானோமீட்டரை ஒட்டி ஒரு படிக்கட்டு எழும்பி நிற்கும். நீராவியின் உட்கவர்ச்சி என்று சிலர் அதற்கு விளக்கம் எழுதுகிறார்கள். அது வகுத்தல் பிழை.

நான்காம் கேள்வி: சூரியன் எங்கே இருந்தது?

லேண்ட்சாட் 8-க்குத் தரப்படும் எதிரொளிப்பு எண்களில் சூரியக் கோணத் திருத்தம் சேரவில்லை. சூரிய உயரக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். உச்சிக் கோணத்தை எடுத்தால் கொசைன். இந்த இரண்டையும் குழப்பி, உயரக் கோணத்துக்குக் கொசைன் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அதில் உள்ள கண்ணியைக் கவனியுங்கள். டிசம்பர் மாதச் சென்னைப் படத்தில் சூரிய உயரம் 45 பாகையை ஒட்டி இருக்கும். 45 பாகையில் சைனும் கொசைனும் ஒன்றே. தவறான சூத்திரமும் சரியான விடை தரும்! அதே நிரலை மே மாதப் படத்தில் ஓட்டினால் உயரம் 65 பாகையை ஒட்டி இருக்கும், 0.91-ஆல் வகுப்பதற்குப் பதில் 0.42-ஆல் வகுத்து, எதிரொளிப்பு இரண்டு மடங்குக்கு மேல் எகிறும். ஒரு படத்தில் சரியாக வந்தது என்பதால் நிரல் சரி என்று நம்பாதீர்கள். சூரிய உயரம் வெவ்வேறாக உள்ள இரண்டு படங்களிலாவது சோதியுங்கள்.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவும் சேர்த்தி. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில். விழும் ஒளியில் இது சுமார் 7 சதவீத வேறுபாட்டைத் தரும். லேண்ட்சாட் 8இன் எதிரொளிப்பு எண்களில் இந்தத் தொலைவு ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது. மறுபடி பெருக்க வேண்டாம். ரேடியன்ஸ் எண்கள் இதனாலேயே படத்துக்குப் படம் சிறிது மாறும். போன மாதப் படத்தின் எண்களை இந்த மாதப் படத்துக்கு நகலெடுத்துப் போடாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மென்பொருள் கேட்பது கிரீன்விச் நேரம். நமக்குக் காலை பத்தரைக்கு எடுத்த படம் அங்கே ஐந்து மணி. பத்தரை என்றே கொடுத்தால் சூரியன் நம் பிற்பகல் நான்கு மணிக்கு இருக்கும் இடத்தில் இருந்ததாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். குறைந்த ஒளிதான் விழுந்தது என்று நினைத்து எதிரொளிப்பைக் கூட்டிக் காட்டும். தரையின் உயரத்தையும் ஃபிளாஷ் கிலோமீட்டரில் கேட்கிறது. ஊட்டிக்கு 2240 அல்ல, 2.24.

ஐந்தாம் கேள்வி: படத்துக்குள் படமல்லாதவை எவை?

லேண்ட்சாட் படத்தைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரம் தரவு அல்ல, நிரப்பு. அதன் எண் 0. மேலே சொன்ன சூத்திரத்தில் அது −0.1 ஆகும். ஓரத்தை மறைக்காமல் புள்ளிவிவரம் எடுத்து, படத்தில் பெருவாரியாக எதிர்மறை இருக்கிறது என்று பதறுபவர்களைப் பார்க்கிறேன். அதுபோலவே மேகத்தின் நடுவிலும் பளபளக்கும் கூரையிலும் உணரி நிரம்பி வழிந்திருக்கலாம். அந்தப் புள்ளிகளை வைத்து எதையும் சோதிக்காதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், அப்போதுதான் உணரியையே சந்தேகிக்க வேண்டும். உணரிகள் விண்ணில் மூப்படைகின்றன. 1984இல் ஏவப்பட்டு 2011 வரை படம் எடுத்த லேண்ட்சாட் 5இன் டிஎம் கருவிக்குள் ஒப்பீட்டு விளக்குகள் இருந்தன. அவற்றை மட்டும் நம்பிய பழைய முறையை 2003இல் கைவிட்டு, கருவியின் ஆயுள் முழுவதற்குமான புதிய கணக்கைக் கொண்டுவந்தார்கள். சாந்தர், மார்க்கம், ஹெல்டர் மூவரும் 2009இல் லேண்ட்சாட் வரிசை முழுவதற்கும் எண்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். பழைய ஆய்வேட்டிலிருந்து எண்களை எடுப்பவர்கள் அவை எந்த ஆண்டுக் கணக்கு என்று பார்க்க வேண்டும். நெவாடாவின் ரெயில்ரோடு பள்ளத்தாக்கு, பிரான்சின் லா க்ரோ, நமீபியாவின் கோபபெப், லிபியப் பாலைவனம் போன்ற அதிகம் மாறாத பரப்புகளைத் தரையிலிருந்தும் விண்ணிலிருந்தும் தொடர்ந்து அளப்பது இதற்காகத்தான். அந்த உழைப்பின் பலன் உங்கள் படத்தோடு வரும் சிறு கோப்பில் இருக்கிறது. அதைத் திறக்காமல் விடுவது அத்தனை பேரின் வேலையையும் வீணாக்குவது.

சோதிப்பது எப்படி என்று கேட்பீர்கள். வளிமண்டலத் திருத்தத்தைத் தொடும் முன் ஒரு புள்ளியை எடுத்துத் தாளில் கணக்குப் போடுங்கள். பச்சைப் பட்டையில் சூரியனிலிருந்து வருவது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு ஏறக்குறைய 1850 வாட். சூரியன் உச்சியிலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கிறது. பொருள் பத்தில் ஒரு பங்கு ஒளியைத் திருப்புகிறது. 1850-ஐ 0.1-ஆலும் 0.87-ஆலும் பெருக்கி, பை (π) மதிப்பால் வகுத்தால் ஏறத்தாழ 50. உங்கள் ரேடியன்ஸ் படத்தில் சாதாரண நிலப்பரப்பு இந்த அளவை ஒட்டி, பத்துகளில் இருக்க வேண்டும். ஆயிரங்களில் இருந்தால் நீங்கள் இன்னும் எதையும் மாற்றவே இல்லை. ஃபிளாஷுக்குத் தரும் படத்தில் அதே இடம் 5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அரையாக இருந்தால் இரண்டு முறை வகுத்திருக்கிறீர்கள்.

பிறகு தெளிந்த ஆழமான நீர், அடர்ந்த காடு, வெண்மணல் ஆகிய மூன்றையும் பாருங்கள். திருத்தத்துக்கு முன் நீரின் நீலப் பட்டை 0.1-ஐ ஒட்டி இருந்தால் அது இயல்பு; காற்றின் பங்கு அது. திருத்தம் முடிந்ததும் நீலம் நன்றாக இறங்க வேண்டும். காட்டின் அண்மை அகச்சிவப்பு சற்றே ஏற வேண்டும். ஃபிளாஷ் தன் விடையை 10,000-ஆல் பெருக்கி முழு எண்ணாகத் தருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 3500 என்றால் 0.35. கடைசியாக, அதே நாளின் அதிகாரபூர்வ லெவல்-2 படத்தோடு ஒப்பிடுங்கள். லேண்ட்சாட் 8, 9 படங்களை லாஸ்ஆர்சி முறையிலும், சென்டினல்-2 படங்களை சென்2கோர் முறையிலும் திருத்தித் தருகிறார்கள். முறைக்கு முறை சிறு வேறுபாடு வருவது இயல்பு. மடங்குக் கணக்கில் வேறுபட்டால் தப்பு உங்கள் பக்கம்.

காற்றில் தவறே வராது என்று நான் சொல்லவில்லை. வறண்ட நிலத்தில் இருண்ட தாவரப் புள்ளிகள் கிடைக்காமல் ஏரோசால் மதிப்பீடு பிசகலாம். கடலோரத்தில் நீராவி அளவு தவறலாம். அவை பொதுவாகச் சிறு விலகல்கள். நுணுக்கமாகப் பார்க்க வேண்டியவை. கேலிப்ரேஷன் பிழைகளோ இரண்டு மடங்கு, பத்து மடங்கு, நிலையான 0.1 என்று முகம் காட்டி வருபவை. விலகல் எப்படிப்பட்டது என்று பார்த்தாலே எந்தப் படியில் தேடுவது என்று தெரிந்துவிடும். பார்வைத் தொலைவைத் திருகி ஒரு படத்தை ஒப்பேற்றிவிட முடியும். அடுத்த பருவத்துப் படத்தில் அதே பிழை வேறு அளவில் தலைகாட்டும். உங்கள் பத்தாண்டுக் கால வரிசை முழுவதும் கோணலாகும். அதன்மேல் பயிர் விளைச்சலையோ நீர்த்தரத்தையோ கணித்து எழுதிய முடிவுகளை நம்பி யாரோ ஒருவர் செயல்படவும் கூடும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டின் செய்முறை இயலில் 'வளிமண்டலத் திருத்தம் செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாதீர்கள். படத்தின் முழு அடையாளப் பெயர், கலெக்‌ஷன் அல்லது செயலாக்க அடிப்படை எண், பயன்படுத்திய பெருக்கெண்ணும் கூட்டெண்ணும், ரேடியன்ஸின் அலகு, கொடுத்த அளவுக்காரணி, மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றை ஒரு சிறு அட்டவணையாகப் போடுங்கள். உங்கள் வழிகாட்டிகளிடமும் தேர்வாளர்களிடமும் இந்த அட்டவணையைக் கேட்டு வாங்கும்படி சொல்லுங்கள். அரைப் பக்கம்தான். அது இல்லாத ஆய்வேட்டின் எதிரொளிப்பு எண்களை வேறொருவர் சரிபார்க்க வழியில்லை.

அன்புடன்,
உங்கள் துறைத் தோழன்